கேளுங்க, ஆய்வுக்காரரே!

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது? (எம்.எஸ்சி. மாணவி, திருநெல்வேலி)

அவர் மாணவர்களோடு ஒரு டீ குடியுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டதும் சடசடவென்று பேசினால் சேரலாம். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த லேபுக்கு நடையைக் கட்டுங்கள்.

பெரிய பேராசிரியர்களுக்கு மெயில் போட்டால் பதிலே வருவதில்லை. (வேலூர்)

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதினார். இருவருமே கை கொடுக்கவில்லை. 1913 ஜனவரியில் அதே கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியதுதான் அவரைக் கப்பலேற்றியது. அந்தக் கடிதத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. உங்கள் மெயிலில் 'ரெஸ்பெக்டட் சார்' தவிர என்ன இருக்கிறது?

காசு கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை போடுகிறோம் என்கிறது ஒரு ஜர்னல். (சேலம்)

மூன்று நாளில் அச்சாவது கல்யாணப் பத்திரிகை. பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

இயற்பியல் படித்துவிட்டேன், உயிரியலுக்கு மாற ஆசை. தாமதமோ? (மதுரை)

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் ஆனார். உடனே உயிரியல் கற்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-இல் நோபல் வந்தது, வேதியியலுக்கு! நீங்கள் ஒரு துறை மாறுவதற்கா பஞ்சாங்கம் பார்க்கிறீர்கள்?

"இன்னும் படிக்கிறியா?" என்று ஊரில் கேட்கிறார்கள். (ஆய்வாளர், தஞ்சாவூர்)

"வேலை பார்க்கிறேன் மாமா" என்று சொல்லுங்கள். அது உண்மை. 2023 ஜனவரி முதல் ஆய்வாளர் ஃபெல்லோஷிப்பில் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000. என் கோபமெல்லாம் வேறு. அந்தப் பணத்தைச் சில இடங்களில் ஆறு மாதம் சேர்த்துத் தருகிறார்களே, அதுவரை மளிகைக் கடைக்காரர் பொறுப்பாரா? வீட்டு ஓனர் பொறுப்பாரா? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் அந்தப் பணத்துக்கான கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். ஃபெல்லோஷிப்பையும் அதே தேதியில் போடுங்கள் ஐயா!

கைடு தன் பையனை டியூஷனில் விடச் சொல்கிறார். (பெயர், ஊர் வேண்டாம்)

முதல் தடவை உதவி, இரண்டாவது பழக்கம், மூன்றாவது உத்தியோகம். இரண்டாவதிலேயே, "அந்த நேரத்துக்கு சென்ட்ரிஃப்யூஜ் புக் பண்ணியிருக்கேன் சார்" என்று சொல்லிப் பழகுங்கள். மீறினால் டாக்டரல் கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சீனியர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வழிகாட்டி போதுமா? (கோவை)

போதாது. கட்டுரை திருத்த ஒருவர், மெஷினைத் தொடச் சொல்லித்தர ஒருவர், "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒருவர். மூன்றாமவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சோதனை சொதப்பினால் நோட்டில் எழுத வேண்டுமா? (காரைக்குடி)

அதைத்தான் முதலில் எழுத வேண்டும். தேதி போட்டு, பேனாவால். தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள், வொயிட்னரைத் தொடாதீர்கள். என் பழைய நோட்டில் ஒரு ஓரம்: "பஃபர் தீர்ந்தது, நேற்றையதையே ஊற்றினேன்." மூன்று மாதம் எங்களை அலைக்கழித்த முடிவு ஏன் வந்தது என்று காட்டிக்கொடுத்தது அந்த வரிதான்.

எனக்கு முதல் ஜூனியர் வந்திருக்கிறாள். என்ன சொல்லித் தர? (சென்னை)

பிப்பெட் முனையை ஆழமாக முக்காதே, கட்டைவிரலை மெதுவாக விடு என்று தொடங்குங்கள். பிறகு, முதல் வாரம் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் விழுங்கிய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவள் கேட்கும் முன்னே பதிலைச் சொல்லிவிடுங்கள்.