கடைசி என்பதன் ஆரம்பம்

‘கடைசிக் கற்பனை’ என்று பொருள்படும் ‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்ற நாமகரணத்தோடு 1987-இல் ஜப்பானில் ஸ்கொயர் கம்பெனியார் வெளியிட்ட வீடியோ கேம், கடைசி என்ற சொல்லுக்கே துரோகம் இழைத்து, 2023-இல் பதினாறாம் எண்ணை எட்டிவிட்டபடியால், புதிதாக ஆடப் புகும் அப்பாவி, எதிலிருந்து தொடங்குவது என்று விசாரித்துக்கொண்டு அலைவது இயல்பே.

வரிசைப்படி போவதுதானே என்பீர்கள். நாலாவதை 1991-இல் இரண்டாவது என்றும், ஆறாவதை 1994-இல் மூன்றாவது என்றும் சொல்லி விற்றதை நம்பி வாங்கிய அமெரிக்க ஜனங்கள், 1997-இல் கண்விழித்தபோது ஏழாவதன் வாசலில் நின்றார்கள் என்றால், அந்த வரிசையின் யோக்கியதை விளங்கும். ‘பத்து-இரண்டு’ என்று ஒன்று உண்டு. கூட்டிப் பன்னிரண்டு என்று கொண்டுவிடலாகாது, அது பத்தாவதன் உத்தரகாண்டம். பன்னிரண்டாவது வேறு.

‘ஒவ்வொன்றும் தனிக்கதை, எதிலும் தொடங்கலாம்’ என்று அபிமானிகள் அபயம் அளிப்பார்கள். உத்தரகாண்டங்கள் நீங்கலாக, அது சத்தியமே. ஆனால், மூச்சு விடுமுன், ஏழைத் தொடாதவன் ஜென்மம் வீண் என்று ஒருவரும், ஆறை அறியாதவனோடு சம்பாஷணையே இல்லை என்று இன்னொருவரும் கிளம்பிவிடுவார்கள்.

என்னிடம் கேட்ட நண்பரை ஒன்பதாவதற்கு அனுப்பினேன். தலையைவிடப் பெரிய கூர்த்தொப்பியோடு தடுமாறி விழும் விவி என்ற பொடி மந்திரவாதியின் மேல் எனக்குள்ள பட்சபாதமே காரணம். நண்பர், உலகத்தை ரட்சிக்கும் பொறுப்பை ஒத்திவைத்துவிட்டு, அதற்குள்ளேயே வரும் சீட்டாட்டத்தில் மூன்று வாரமாக லயித்திருப்பதாகக் கேள்வி.