ராஜினாமா செய்யாத பெயர்

தனியார் இருபாலர் பள்ளி ஒன்றின் வழவழப்பான அறிமுகப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் நாலு பக்கத்தில் மாணவர் யாரும் இருக்கமாட்டார்கள், தலைமைக் குழுதான் இருக்கும். சேர்மன், வைஸ் சேர்மன், மேனேஜிங் டைரக்டர், கல்விக்கு ஒரு டைரக்டர், நிதிக்கு ஒரு டைரக்டர். இனிஷியலை ஒப்பிட்டுப் பார்த்தால் இவர்களில் பாதிப் பேர் இரவில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே டீன், ஏ.ஜி.எம்., ஜோனல் இன்சார்ஜ். அதற்கும் கீழே பிரின்சிபல், வைஸ் பிரின்சிபல். கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார் குரூப் போட்டோவின் மூன்றாம் வரிசையில் பாதி முகத்தோடு நிற்பார். சம்பளமும் அவருக்குப் பாதிதான் வரும். கோடையில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடித்து வந்தால் மீதி கிடைக்கலாம்.

இவ்வளவு தலை உள்ள உடம்பில் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று சித்தூரில் வாய்த்தது.

2022 ஏப்ரல் 27. ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள். கொரோனாவால் 2020லும் 2021லும் தேர்வே நடக்கவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, ஒன்பதாம் வகுப்பைச் செல்போனில் தேய்த்து முடித்த பிள்ளைகள் முதன்முறையாக ஹாலில் உட்கார்ந்தார்கள். காலை ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. பத்து மணி அடிப்பதற்குள் தெலுங்கு வினாத்தாள் ‘சித்தூர் டாக்கீஸ்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் ரிலீஸாகிவிட்டது. குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தீர்க்கதரிசி.

போலீஸ் சொன்ன கதை இது. கங்காதர நெல்லூர் மண்டலத்தின் நெல்லேபல்லி அரசுப் பள்ளித் தேர்வு மையத்திலிருந்து தாள் படமாக வெளியே போனது. திருப்பதியில் நாராயணா பள்ளியின் வைஸ் பிரின்சிபல் அதைப் பரப்பியவர்களில் ஒருவர். அவர் கைதானார். அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கைதானார்கள். மே 10 அன்று சித்தூர் போலீஸ் ஹைதராபாத் வரைக்கும் போய் நாராயணா குழுமத்தை நிறுவிய பொங்கூரு நாராயணாவையே காரில் ஏற்றிக்கொண்டு வந்தது.

அவர் சாதாரண ஆள் அல்ல. 1979இல் நெல்லூரில் சின்ன டியூஷன் சென்டராகத் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன் பெயர் தாங்கிய கட்டடம் நிற்கிற அளவுக்கு வளர்ந்தவர். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2014இலிருந்து 2019 வரை ஆந்திர நகராட்சித் துறை அமைச்சர். அதே அமைச்சரவையில் கல்வித் துறையைக் கையில் வைத்திருந்தவர் கண்டா ஸ்ரீநிவாச ராவ், நாராயணாவின் சம்பந்தி. ஒருவர் வீட்டுப் பெண் இன்னொருவர் வீட்டு மருமகள். ஒரு மாநிலத்தின் மிகப் பெரிய கல்வி வியாபாரங்களில் ஒன்றும் அதைக் கண்காணிக்க வேண்டிய இலாகாவும் ஒரே தாம்பூலத் தட்டில் இருந்தன. தலைமைக் குழு என்றால் இதுவல்லவா தலைமைக் குழு!

நள்ளிரவு தாண்டி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். என் கட்சிக்காரர் 2014லேயே நாராயணா நிறுவனங்களின் சேர்மன் பதவியை ராஜினாமா செய்துவிட்டார், பள்ளியில் நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பது வாதம். ஜாமீன் கிடைத்தது.

குற்றச்சாட்டு குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. அவர் மறுத்தார். அரசியல் பழிவாங்கல் என்று அவருடைய கட்சி கொதித்தது. நான் எழுதுவதற்கு அவர் குற்றவாளியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காகிதம் போதும். ஆள் ராஜினாமா செய்துவிட்டார், பெயர் ராஜினாமா செய்யவில்லை. போர்டில் நாராயணா, பஸ்ஸில் நாராயணா, நோட்டுப் புத்தக அட்டையில் நாராயணா, பிள்ளையின் கழுத்து டையில் நாராயணா. கோர்ட்டில் மட்டும் நாராயணா இல்லை. கருவறையில் இல்லாத கடவுளுக்குக் காணிக்கை மட்டும் வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

சட்டப்படி இதில் பிழை ஏதும் இல்லை, அதுதான் கோபமே. நம் நாட்டில் பள்ளியை லாபத்துக்காக நடத்தக் கூடாது. டிரஸ்ட், சொசைட்டி போன்ற லாப நோக்கற்ற அமைப்புதான் நடத்த வேண்டும். ஆகவே டிரஸ்ட் நடத்துகிறது. கட்டடம் இன்னொருவருக்குச் சொந்தம், டிரஸ்ட் வாடகை கட்டும். புத்தகம் அச்சடிப்பது ஒரு கம்பெனி, ‘நிர்வாக ஆலோசனை’ தருவது இன்னொரு கம்பெனி, டிரஸ்ட் பில் கட்டும். வருஷக் கடைசியில் டிரஸ்ட் பரம ஏழையாகக் கைகட்டி நிற்கும். நாடு முழுக்கப் பழகிய ஏற்பாடு இது, எந்த ஒரு குழுமத்தின் கண்டுபிடிப்பும் அல்ல. இந்த ஏற்பாட்டில் பணம் மேலே ஏறப் படிக்கட்டு உண்டு, பொறுப்பு மேலே ஏறத்தான் வழி கிடையாது. அது வைஸ் பிரின்சிபல் நாற்காலியோடு நின்றுவிடும்.

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு கார்ப்பரேட் பள்ளி வரவேற்பு மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இது விளங்கும்.

“சார், எம் பையனை ஏன் சி செக்ஷன்ல போட்டீங்க?”

“அது ஃப்ளோர் இன்சார்ஜ் பார்க்கறதும்மா.”

ஃப்ளோர் இன்சார்ஜ் வைஸ் பிரின்சிபலைக் கை காட்டுவார். அவர் பிரின்சிபலை. பிரின்சிபல், “ஏ.ஜி.எம். சார் ஆர்டர், நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்பார். ஏ.ஜி.எம்.முக்கு போன் போட்டால் “மேல ஹைதராபாத்ல முடிவாச்சு” என்று பதில் வரும். ஹைதராபாத் என்பது ஊரா, ஆளா, அசரீரியா என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஃபீஸ் பாக்கி இருந்தால் மட்டும் அதே ஹைதராபாத்திலிருந்து அவர் கைபேசிக்கே நேராக மெசேஜ் வந்துவிடும்.

செக்ஷன் விஷயம் வேடிக்கையானது. திருப்பதிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மலை மேலே பார்த்திருக்கிறார்கள். வி.ஐ.பி. பிரேக், முந்நூறு ரூபாய், சர்வ தரிசனம். பள்ளியிலும் அதேதான். வாராந்திரத் தேர்வில் முதலில் வரும் முப்பது நாற்பது பேர் ஸ்டார் பேட்ச். நல்ல வாத்தியார், ஏசி அறை, பாதி ஃபீஸ், சில சமயம் ஃபீஸே கிடையாது. அவர்கள்தான் நாளைய பேனர். மிச்சமுள்ள ஐந்நூறு பேர் முழுப் பணம் கட்டிக் கம்பிக் கூண்டில் காத்திருக்க வேண்டும். ஒரு வித்தியாசம், மலை மேலே சர்வ தரிசனம் இலவசம்.

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு பஸ்ஸில் போனால் அந்தப் பேனர்களை எண்ணி மாளாது. தபால்தலை அளவு முகங்கள், பூசணிக்காய் அளவு ரேங்க் எண்கள். ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று டி.வி.யில் ஒரு குரல் மூச்சு விடாமல் ஓதும். முப்பது பேர் படத்தைப் போடுகிறவர்கள் மற்ற ஐந்நூறு பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி போட்டதுண்டா? ஃபீஸ் கட்டியது அந்த ஐந்நூறு பேர், பேனர் அடித்ததும் அவர்கள் பணத்தில்.

இருபாலர் பள்ளி என்று போர்டில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு. இன்டர்மீடியட் வந்ததும் பாய்ஸ் கேம்பஸ் தனி, கேர்ள்ஸ் கேம்பஸ் தனி. இரு பாலாருக்கும் வேறுபாடில்லாமல் வழங்கப்படுவது ஒன்று உண்டு, மைதானம் இல்லாமை.

கூட்டத்தில் அரசை மட்டும் விட்டுவைப்பானேன். 2022 ஏப்ரலில் கல்வித் துறை போட்சா சத்தியநாராயணாவிடம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தாள் கசியவே இல்லை, தேர்வு தொடங்கிய பிறகுதானே வெளியே வந்தது என்றார். வீடு பூட்டியிருக்கும்போது போனால்தான் திருட்டு, திறந்திருக்கும்போது போனால் விருந்தோம்பல் என்பது போல. மே 5ஆம் தேதி முதலமைச்சர் ஜெகன் திருப்பதிக்கு வந்து, கல்விக் கட்டண உதவி வழங்கும் மேடையில், தாள்களைக் கசியவிட்டது நாராயணாவும் சைதன்யா என்ற இன்னொரு கல்விக் குழுமமும்தான் என்றார். கசியாத தாளைக் கசியவிட்டவர்கள்! ஐந்தாம் நாள் கைது. போலீஸ் கதைப்படியே பார்த்தாலும் தாள் கிளம்பியது அரசுப் பள்ளியிலிருந்து, அரசு ஆசிரியர் கையிலிருந்து. அந்த மேடையில் அது யாருக்கும் நினைவு வரவில்லை.

கட்டணத்தை அரசு கட்டுப்படுத்தவில்லையா? முயன்றது. 2021 ஆகஸ்டில் போட்ட அரசாணைப்படி சித்தூர், திருப்பதி போன்ற மாநகராட்சிகளில் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 18,000 ரூபாய். ஸ்டார் பேட்ச் ஏசிக்கு மின்கட்டணம்கூட ஆகாது. நாலே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தால் கிழியத்தான் செய்யும், அது கிழியட்டும் என்றே தைத்தார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அதற்கு முந்தைய ஆட்சி வேறு ரகம். அது கட்டுப்படுத்தவில்லை, கட்டவிழ்த்தது. 2017 செப்டம்பரில் ஓர் அரசாணை தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை ஏறத்தாழ ஏழு மடங்காக்கி ஆண்டுக்கு 24 லட்சம் என்றது. அப்போது நம் முன்னாள் சேர்மன் அந்த அமைச்சரவையில்தான் இருந்தார். உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடிய கல்லூரியின் பெயர் நாராயணா மருத்துவக் கல்லூரி. 2022 நவம்பர் 7 அன்று நீதிபதிகள் எம்.ஆர்.ஷாவும் சுதான்ஷு துலியாவும் கல்வி லாபம் பார்க்கும் தொழில் அல்ல என்று சொல்லி, கல்லூரிக்கும் அரசுக்குமாக ஐந்து லட்சம் வழக்குச் செலவு விதித்தார்கள். ஒரே ஒரு மாணவனின் ஓராண்டுக் கட்டணத்தில் கால்பங்குகூடத் தேறாத தொகை. தலைமைக் குழு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

பழைய சித்தூர் மாவட்டத்துக்கு வேறு ஒரு முகமும் உண்டு. மதனப்பள்ளிப் பக்கம், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி. அதுவும் தனியார் இருபாலர் பள்ளிதான். வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் இடம், அதை நான் கோயிலாக்கப் போவதில்லை. ஆனால் அங்கிருந்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கற்றல் அட்டைகள் செய்தார்கள். அந்த அட்டைகள்தான் எல்லை தாண்டி வந்து நம் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலுக்கு வித்தாயின. ஒரே சித்தூர் மாவட்டம். ஒரு பள்ளியிலிருந்து வெளியே போனது அட்டை, இன்னொன்றிலிருந்து வெளியே போனது வாட்ஸ்அப் படம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளியை அன்னமய்யா மாவட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சித்தூருக்கு டாக்கீஸ் மிஞ்சியது.

காட்பாடி தாண்டி இந்தப் பக்கம் நிற்கும் நாம் சிரிக்க வேண்டாம். பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருட்டிய நாமக்கல் பிராய்லர் பள்ளிகள் நம்முடையவை. அதற்காகவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் பாடம் நடத்தாமல் ஏய்த்ததற்கு எந்தத் தாளாளரைக் கேட்டோம்? விடுதியில் ஒரு பிள்ளை செத்தால் வார்டன் கைதாவார், சில நாள் போஸ்டர் ஒட்டுவோம், ஜூனில் அதே பள்ளி வாசலில் அப்ளிகேஷனுக்கு வரிசையில் நிற்போம். தலைமைக் குழுவுக்கு நம்மைத் தெரியும். நமக்குத்தான் தலைமைக் குழுவைத் தெரியாது.

ஆந்திரத்தில் 2024 ஜூனில் ஆட்சி மாறியது. நெல்லூர் நகரத்தில் வென்ற நாராயணா மறுபடி அமைச்சரானார், அதே நகராட்சித் துறை. வாக்காளர் தீர்ப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் அவரை ஹைதராபாத்திலிருந்து பிடித்து வந்த அதே அரசு இயந்திரம் இப்போது எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறது. அதற்கும் முதுகெலும்பு கிடையாது, முட்டிதான் உண்டு.

அந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு 2022 ஜூன் 6 அன்று வந்தது. தேர்ச்சி 67.26 சதவீதம். 71 பள்ளிகளில் ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. மாநிலம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றார்கள். எட்டாம் வகுப்பிலேயே விலகிவிட்டேன், இந்தத் தேர்வுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று காகிதம் நீட்ட அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜூலை சப்ளிமெண்டரிக்குப் பணம் கட்டினார்கள்.