விரிசல் விழாத 12 ஏக்கர்

கே: ‘ஆக்சிஜனில் எரிக்கும் அனல்மின் நிலையம்’ என்று ஒரு செய்தி பார்த்தேன். இப்போது மட்டும் எதில் எரிக்கிறார்களாம்? (நெய்வேலி வாசகர்)

ப: காற்றில். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். 78 சதவீதம் நைட்ரஜன். எரிகிற வேலையில் நைட்ரஜனுக்குப் பங்கே கிடையாது. ஓசியில் சூடேறிக்கொண்டு புகைபோக்கி வழியாக வெளியேறும். போகிற போக்கில் கொஞ்சம் நைட்ரஜன் ஆக்சைடாக மாறி நம் மூக்கையும் பதம் பார்க்கும். பெரிய தொல்லை வேறு. நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு இந்த நைட்ரஜன். கார்பனைப் பிடித்துப் புதைக்க நினைப்பவர் முதலில் இந்தக் கூட்டத்தைக் கலைத்தாக வேண்டும். வெறும் ஆக்சிஜனில் எரித்தால் புகையில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். ஆற வைத்தால் நீராவி தண்ணீராக இறங்கிவிடும். வேலை பாதி முடிந்தது.

கே: ஆக்சிஜன் எரியுமா?

ப: எரியாது. எரிய வைக்கும். அரசியல் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.

கே: சுத்த ஆக்சிஜனில் எரித்தால் பாய்லரே உருகிவிடாதா? (எண்ணூர் வாசகர்)

ப: நியாயமான பயம். மீத்தேன் காற்றில் எரிந்தால் சுடர் சுமார் 1,950 டிகிரி. ஆக்சிஜனில் 2,700-ஐத் தாண்டும். அதனால் வெளியே வந்த புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பிச் சூட்டைத் தணிக்கிறார்கள். நைட்ரஜன் பார்த்துவந்த ஒரே உருப்படியான வேலை அது. அதையும் பறித்துக் கார்பன் டை ஆக்சைடிடம் கொடுத்துவிட்டார்கள்.

கே: ஆஸ்பத்திரிக்கு டேங்கரில் வருகிறதே, அந்த ஆக்சிஜனையே வாங்கி எரிக்க வேண்டியதுதானே?

ப: கட்டுப்படியாகாது. அது காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்தது; ஜெர்மன் பொறியாளர் கார்ல் வான் லிண்டே 1902-ல் போட்டுக்கொடுத்த வழி. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும், நைட்ரஜன் மைனஸ் 196-ல். இந்த 13 டிகிரி இடைவெளியில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. பெரிய ஆலையில்கூட ஒரு டன் ஆக்சிஜனுக்கு 200 யூனிட் மின்சாரம் அளவுக்குச் செலவாகும். 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 டன் வேண்டும். பெருக்கினால் 20 லட்சம் யூனிட். நிலையம் இரவு பகலாக ஓடித் தருவதே 1 கோடியே 20 லட்சம். ஆறில் ஒரு பங்கு, காற்றைக் குளிர வைக்கவே போய்விடும். அதுவும் அடுத்த நிமிடம் நெருப்பில் போடுவதற்காக! ஜெர்மனியில் ஷ்வார்ட்ச பும்ப என்ற ஊரில் 2008-ல் 30 மெகாவாட் வெப்ப அளவில் இப்படி எரித்துக் காட்டினார்கள். நன்றாகவே எரிந்தது. 2014-ல் கைவிட்டார்கள்.

கே: செராமிக் சவ்வு வந்தால் இந்தச் செலவு குறையுமாமே? அதில் உள்ள துளைகள் நைட்ரஜனை எப்படித் தடுக்கின்றன?

ப: துளையே கிடையாது. இருந்தால் சவ்வு தேறவில்லை என்று பொருள். லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு நான்கும் சேர்ந்த ஒரு செராமிக் ஆக்சைடு வழியாக ஆக்சிஜன் கடந்துபோவதை ஜப்பானில் தெரவோகாவும் அவருடைய சகாக்களும் 1985-ல் கண்டு சொன்னார்கள். சுமார் 800, 900 டிகிரியில் ஆக்சிஜன் மூலக்கூறு அதன் மேற்பரப்பில் பிரிந்து, எலக்ட்ரான்களை வாங்கி அயனியாகிறது. படிகத்துக்குள் அங்கங்கே ஆக்சிஜன் இல்லாத காலி இடங்கள் உண்டு. டாக்டர் ஒருவரை உள்ளே கூப்பிட்டதும் பெஞ்சில் இருப்பவர்கள் ஆளுக்கு ஓரிடம் நகர்வார்களே, அதேபோல் அயனிகள் காலி இடம் பார்த்து நகர்கின்றன. மறுபக்கம் போனதும் வாங்கிய எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆக்சிஜனாகிவிடும். நைட்ரஜனுக்கு டோக்கனே கிடையாது.

சவ்வின் மறுபக்கத்தில் எரிபொருளையே ஓட விட்டால் அது உலையாகவும் ஆகிறது. வருகிற ஆக்சிஜனை எரிபொருள் உடனுக்குடன் தின்றுவிடும். டாக்டர் வேகமாகப் பார்த்தால் பெஞ்சும் வேகமாக நகரும். சவ்வுக்கு வேண்டிய சூடும் அங்கேயே கிடைக்கிறது.

கே: இதெல்லாம் நம் கண்ணில் படும் சங்கதியா?

ப: உங்கள் காரின் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது சிர்கோனியா செராமிக். ஆக்சிஜன் அயனியைக் கடத்துகிற அதே குணம். அதே சிர்கோனியாவை வைத்து 1890-களிலேயே ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் ஒரு மின்விளக்கு செய்தார். செராமிக் சூடானால்தான் மின்சாரம் பாயும் என்பதால், அந்த விளக்கை எரியவிட முதலில் அதற்கே சூடு காட்ட வேண்டியிருந்தது.

கே: இத்தனை நல்லது என்றால் ஏன் இன்னும் ஊருக்குள் வரவில்லை?

ப: ஆய்வகத்தில் மெச்சப்படும் சவ்வு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 10 மில்லி லிட்டர் ஆக்சிஜன் கடத்தும். அந்த வேகத்தில் நம் 10,000 டன்னுக்குக் கிட்டத்தட்ட 50,000 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். 12 ஏக்கர்! அதில் எங்கும் மயிரிழை விரிசல் விழக்கூடாது. தடிமன் கூடினால் ஆக்சிஜன் வராது, குறைந்தால் உடையும். சூடேறும்போது ஒரு விரிவு, உள்ளே ஆக்சிஜன் அளவு மாறும்போது இன்னொரு விரிவு. 900 டிகிரியில் செராமிக்கையும் உலோகக் குழாயையும் கசிவில்லாமல் ஒட்டுவது தனித் தலைவலி.

இன்னொரு வம்பும் இருக்கிறது. மிக வேகமாகக் கடத்துபவை பேரியம் கலந்த சவ்வுகள். அவற்றின்மேல் கார்பன் டை ஆக்சைடு பட்டால் மேற்பரப்பு கார்பனேட் ஆகி அடைத்துக்கொள்ளும். எதைப் பிடிக்க இத்தனை பாடோ, அதுவே ஆகாது! அமெரிக்காவில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் மேரிலாந்தில் நாளுக்கு 5 டன் தரும் சோதனைக் கூடத்தை ஓட்டிப் பார்த்தது. பிறகு லூசியானாவில் 100 டன்னுக்குத் திட்டமிட்டார்கள். நமக்கு வேண்டியது 10,000. என்னைக் கேட்டால், இது முதலில் மின் நிலையத்துக்கு வராது. கண்ணாடி உலை போன்ற சின்ன இடங்களுக்குத்தான் வரும். அங்கே பல ஆண்டுகளாகவே ஆக்சிஜனில் எரிக்கிறார்கள்.

கே: பிடித்த கார்பன் டை ஆக்சைடைச் சோடா கம்பெனிக்கு விற்றால் என்ன?

ப: விற்கலாம். குடித்தவர் ஏப்பம் விட்டதும் அத்தனையும் காற்றுக்கே திரும்பிவிடும். புதைப்பதுதான் வழி. நார்வேக்காரர்கள் 1996-ல் தொடங்கி, வட கடலுக்கு அடியில் ஸ்லெய்ப்னர் வயலின் மணற்பாறைக்குள் ஆண்டுக்கு 10 லட்சம் டன் அளவுக்கு இறக்கிக் காட்டினார்கள். மேலே சொன்ன 500 மெகாவாட் நிலையம் நாளுக்குக் கக்குவது சுமார் 10,000 டன். அவர்களுடைய ஒரு வருஷம் நமக்கு 100 நாள்.