ஆன்லைனில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பது எப்படி?

கல்லூரியில் சேர்ந்துவிட்டீர்கள். கையில் ஃபோன், தினம் ஒன்றரை ஜிபி டேட்டா. முதலில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: "நான் அவ்வளவா ஆன்லைன்ல இருக்க மாட்டேன்." ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் இதைச் சொல்லப் பழக வேண்டும். உங்கள் நண்பர்களும் இதையேதான் சொல்வார்கள், நீங்கள் அனுப்பிய மீமுக்கு மறு விநாடியே சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு.

அடுத்து வாட்ஸ்அப். லாஸ்ட் சீனை மறையுங்கள். 2022 முதல் 'ஆன்லைன்' என்று காட்டுவதையும் மறைக்கலாம், அதையும் விடாதீர்கள். ஒரு சிக்கல் உண்டு. உங்களுடையதை மறைத்தால் அடுத்தவருடைய லாஸ்ட் சீனும் உங்களுக்குத் தெரியாது. எனவே ஒளிவதா, உளவு பார்ப்பதா என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஹாஸ்டல் ரூம்மேட்டின் ஃபோனை இரவல் வாங்கிப் பார்ப்பதே மரபு.

நீல டிக்கையும் அணைக்கலாம். அணைத்துவிட்டோம் என்று அசந்துவிடாதீர்கள், இரண்டு இடத்தில் அந்த வித்தை பலிக்காது. ஒன்று குரூப். பெரியப்பா விடியற்காலையில் ரோஜாப் பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார். நீங்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பீர்கள். அவர் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு வரும். அதைத் திறக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நீங்கள்தான்.

இன்னொன்று வாய்ஸ் மெசேஜ். சித்தி அனுப்பியதைக் கேட்ட உடனே மைக் நீலமாகிவிடும், அதை அணைக்க வழியே கிடையாது. கேட்காமலும் இருக்க முடியாது, நிச்சயதார்த்தத் தேதி அதற்குள்தான் எங்கேயோ இருக்கும். 2021-இல் வந்த இரட்டை வேகத்தில் ஓடவிடுங்கள். சித்தப்பா மீதான புகார்கள்கூட கிரிக்கெட் வர்ணனை மாதிரி விறுவிறுப்பாக இருக்கும்.

இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்கு கட்டாயம். ஒன்றில் கோயில், கல்யாணம், பட்டமளிப்பு விழா. அது சொந்தக்காரர்களுக்கு. மற்றதில் முகமும் கிடையாது, உண்மைப் பெயரும் கிடையாது. அதில்தான் நீங்கள் இருப்பீர்கள். அத்தை மகளைப் பாசத்தில் 'க்ளோஸ் ஃபிரெண்ட்ஸ்' பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அவள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது.

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் இரவு விஷயத்தில் கொஞ்சம் திட்டமிடல் தேவை. சாயங்காலமே டேட்டா தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, படம் பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் புத்தகத்தை விரித்து வையுங்கள். "பாவம், புள்ள படிக்குது" என்று அம்மா ஹாலில் டிவி சத்தத்தைக் குறைப்பார். நள்ளிரவில் புது டேட்டா வந்துவிடும், அம்மாவும் தூங்கியிருப்பார். 2016-இல் ஜியோ வரும் முன் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்து ஓட்டிய கதையை அண்ணன் ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். அந்தத் தலைமுறையிடம் சொல்லிக்கொள்ள வேறு வீரக் கதை கிடையாது.

பெரியவர்களின் அறிவுரைக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, இனி பிள்ளைகள் உருப்பட்டுவிடும் என்று நம்பினார்கள். ஜூலை மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. உருப்படுவதற்குக் கிடைத்த அவகாசம் பத்து நாள்கூட இல்லை. இப்போது அந்த ரீல்ஸை உங்களுக்கு அதிகம் அனுப்புவது மாமாதான்.

செமஸ்டருக்கு ஒருமுறை 'கொஞ்ச நாள் பிரேக்' என்று ஸ்டோரி போடுங்கள். யாரெல்லாம் அதைப் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டியவர் பார்த்துவிட்டால் பிரேக்கை முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு ஃபோனின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கிறது. இன்று எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள், எத்தனை முறை ஃபோனைத் திறந்தீர்கள் என்று அது கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். லாஸ்ட் சீனை மறைத்ததெல்லாம் அதனிடம் செல்லாது. வீட்டில் யாருக்கும் அதைக் காட்டாதீர்கள். சண்டை முற்றி, காட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், முதலில் அப்பாவுடைய ஃபோனில் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.