பள்ளிக்கூடம் திறந்தால் நாங்கள் ஏன் இப்படிக் குதிக்கிறோம்?

மனாமா, பஹ்ரைன்

அன்புள்ள மாமாவுக்கு,

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுக் கட்டடம் கட்டினதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். நம் ஏற்காட்டில் வகுப்பறை திறக்க எம்.எல்.ஏ. வருவார், ரிப்பன் வெட்டுவார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள், அரை மணியில் கூட்டம் ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்கக் கலைந்துவிடும். வளைகுடாவில் இந்தியப் பள்ளி ஒன்றில் உள்விளையாட்டரங்கம் திறந்தாலே அது கல்யாணத்துக்குக் குறையாது. தூதரகத்திலிருந்து ஆள் வர வேண்டும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், ஏ.சி. காற்றில் அது அணையாமல் இருக்க இரண்டு பேர் கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். பரதநாட்டியம், ஒப்பனா, பங்க்ரா என்று மாநிலவாரியாக ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாநிலம் கோபித்துக்கொள்ளும். நன்றியுரையில் ஒரு சங்கத்தின் பெயர் விட்டுப்போனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் மகாபாரதம். எல்லாம் கேலிக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஆர்ப்பாட்டத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி உங்கள் மலையிலேயே இருக்கிறது.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வைத்தார். பின்னால் துரைகள் வந்தார்கள், பங்களா கட்டினார்கள். பெரிய துரைக்கு வசதி இருந்தது. பிள்ளையைக் கப்பலேற்றிச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிடுவார். இந்தியாவிலேயே தங்கிப்போன சாதாரண ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அதற்கு எங்கே போவார்கள்? சமவெளியில் வெயில், மலேரியா, காலரா. ஆகவே ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் பள்ளிகள் எழுந்தன. 1894-ல் குளூனி கன்னியர் சேக்ரட் ஹார்ட் கான்வென்டைத் தொடங்கினார்கள். 1917-ல் மான்ட்ஃபோர்ட் சகோதரர்கள் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று தொடங்கினார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1901-லேயே வெறும் 13 பிள்ளைகளை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். வந்த ஊரில் பிள்ளை படிக்க வழியில்லை என்றால் ஒன்று ஊர் திரும்ப வேண்டும், இல்லை குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். துரை வீட்டிலும் இதே கதை, எங்கள் வீட்டிலும் இதே கதை. ஒரே வித்தியாசம், அவர்கள் குளிரைத் தேடி மலையேறினார்கள். நாங்கள் மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, பாலைவனத்துக்கு வந்து, அதே குளிரை மின்கட்டணம் கொடுத்து வாங்குகிறோம்.

ஆக, இங்கே திறக்கப்படுவது கட்டடம் இல்லை மாமா, இடம். பத்து வகுப்பறை கூடினால் சில நூறு பிள்ளைகளுக்கு அட்மிஷன். அதாவது சில நூறு வீடுகளில் அப்பா இங்கே பேச்சிலர் ரூமிலும், அம்மாவும் பிள்ளையும் சேலத்திலும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடம் போதாமல் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டு தவணையாக நடந்த இந்தியப் பள்ளிகள் வளைகுடாவில் உண்டு. இந்த அவசரம் நேற்று வந்ததும் இல்லை. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950-ல் தொடங்கியது. பஹ்ரைன் சுதந்திரம் அடைந்ததோ 1971-ல். துபாயின் இந்தியன் ஹைஸ்கூல் 1961-ல் வந்தது. அப்போது ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடே கிடையாது. நாடு பிறப்பதற்கு முன்பே நம் ஆட்கள் அட்மிஷன் பாரம் அச்சடித்துவிட்டார்கள். இங்குள்ள பள்ளியின் நிர்வாகக் குழுவைப் பெற்றோர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு இல்லை. இந்தியாவில் உண்டு, ஆனால் விமானம் ஏறி நேரில் வந்து போட வேண்டும். அடக்கி வைத்த ஜனநாயகம் முழுவதும் பள்ளித் தேர்தலில்தான் பொங்கும்: அணிகள், வாக்குறுதிகள், கட்டணக் குறைப்பு, சமோசா. எங்களுக்கு உரிமை என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே பொதுச்சொத்து அந்தப் பள்ளிதான்.

வேலி போட்டுக்கொண்டு வாழ்வதற்கா இவ்வளவு தூரம் போனீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆறே இல்லாத தீவில் உட்கார்ந்து காவிரிப் பாசனத்தை மனப்பாடம் செய்கிறான் பையன்; பக்கத்துத் தெரு அரபிப் பிள்ளையின் பெயர் தெரியாது. குறைதான். ஆனால் எங்கள் விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் இந்தியாவுக்கு வெளியே 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது என்பதால், இங்கே ஏழாவது படித்தவன் சேலத்தில் எட்டாவதில் உட்கார்ந்துவிடலாம். ஏ.சி. அரங்கம் ஆடம்பரம் என்பீர்கள். கோடையில் நடுப்பகலில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கும் ஊர் இது. பிள்ளைகள் கூரை இல்லாமல் கபடி ஆட முடியாது.

எனக்கே பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி வேறொன்று. குடும்ப விசாவுக்குக் குறிப்பிட்ட சம்பளம் வேண்டும். அந்த அரங்கத்துக்குச் செங்கல் அடுக்கிய கொத்தனாருக்கும் கம்பி கட்டியவருக்கும் அது பெரும்பாலும் இருக்காது. அவர் பிள்ளை ஊரில் அரசுப் பள்ளியில் படிக்கிறது. அவர் கட்டிய வகுப்பறையை அது பார்க்கப்போவதே இல்லை. ஏற்காட்டிலும் இதுதான் நடந்தது. அந்தப் பள்ளிகள் மலையாளி என்ற பழங்குடி மக்களின் மலையில் எழுந்தன, ஆனால் அவர்களுக்காக எழவில்லை. அவர்களும் முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள்தான் என்று அவர்களே சொல்வார்கள். முந்தி வந்தவரைவிடப் பிந்தி வந்தவர் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைத்தது. துரை போன பிறகு கதவு திறந்தது உண்மை. மான்ட்ஃபோர்ட்டில் சசி தரூர் படித்தார், நடிகர் விக்ரம் படித்தார். ஆனால் அப்போதும் திறந்தது கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரசு தனியாக உண்டு உறைவிடப் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. ஆகவே பள்ளி கட்டினால் காலப்போக்கில் எல்லாருக்கும் நல்லது என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். காலம் தானாக எதையும் செய்வதில்லை; யாராவது கேட்க வேண்டும். குழுத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், உபகாரச் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், திறப்பு விழாவின் முன்வரிசையில் கட்டியவர்களுக்கு நாற்காலி உண்டா என்று கேட்கலாம். அதைக் கேட்டுவிட்டுக் குத்துவிளக்கும் ஏற்றலாம், பங்க்ராவும் ஆடலாம். கேட்காமல் ஆடினால்தான் உங்கள் கிண்டல் எங்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த விழாக் காணொளி வரும்போது தூதரக உரையைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்; நன்றியுரையைத் தள்ளிவிடாதீர்கள், அதில்தான் சண்டைக்கு விதை இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்