தேசிங்கு குதிரையும் துப்பாக்கிக் குதிரையும்

கே: வீட்டுப் பரணில் கொள்ளுத்தாத்தா காலத்து ரைஃபிள் கிடைத்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கிற ரகம். பளபளப்பாக்க என்ன வழி? (வாசகர், செஞ்சி)

ப: பளபளப்பு கிடக்கட்டும். முதலில் குழலின் வாயை யார் பக்கமும் காட்டாமல் கீழே வையுங்கள். பன்றிக்காக மருந்து கெட்டித்த கொள்ளுத்தாத்தா, பன்றி வராததால் அப்படியே பரணில் ஏற்றியிருக்கலாம். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடமானாலும் சாகாது. பக்கவாட்டில் நின்று, மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாயோரத்தில் கோடு போடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறம் வைத்து அளந்து பாருங்கள். நெருப்பு போகிற துளைவரை குச்சி எட்டினால் குழல் காலி. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே தாத்தா காத்திருக்கிறார்! நோண்டாதீர்கள், சூடுகாட்டாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். குழல் காலியானாலும் சொல்லத்தான் வேண்டும். அதற்காகத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், தகவல் மட்டும் போகட்டும்.

அப்புறம், அது ரைஃபிள்தானா? குழல் காலி என்று உறுதியானபிறகு மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே திருகுவரிகள் ஓடினால்தான் ரைஃபிள். வழவழவென்றிருந்தால் சாதாரண நாட்டுத் துப்பாக்கி.

கே: நூறு வருடப் பழசுக்கும் லைசென்ஸா? (வாசகர், திண்டிவனம்)

ப: 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் வயதை மட்டும் பார்ப்பதில்லை. பழம்பொருளாகவே இருந்தாலும், ரிப்பேர் செய்தால்கூடச் சுட முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான் 45ஆவது பிரிவு விட்டுவிடும். ஆக, பட்டறையில் கொடுத்து 'சுடுகிற கண்டிஷனுக்கு' கொண்டுவந்தீர்களோ, காசு கொடுத்து வழக்கு வாங்கினீர்கள். துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் உண்டு, பட்டறைக்காரரும் மாட்டுவார். சந்தேகத்தைக் கலெக்டர் ஆபீசில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கே: சரி, சுட வேண்டாம். துருவையாவது உப்புத்தாளால் தேய்க்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

ப: புளி போட்டுத் துலக்க அது குத்துவிளக்கல்ல, அம்மா. உப்புத்தாள் துருவோடு பட்டறை முத்திரையையும் வருடத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேசான மெஷின் ஆயில் தடவி ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். அசையாத துருவைச் செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டலாம், செம்பு இரும்பைவிட மெது. அடியில் தெரியும் பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள், வயதுக்கு அதுதான் சாட்சி. மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு போதும். வார்னிஷ் அடித்தால் புதுக் கட்டில் கால் மாதிரி ஆகிவிடும்.

கே: எங்கள் வீட்டுத் துப்பாக்கி ராஜா தேசிங்கு பிடித்தது என்கிறார் மாமா. குதிரையை இழுத்தால் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பின்மேல் அடிக்கிறது. (வாசகர், மேல்மலையனூர்)

ப: தேசிங்கு ஆற்காட்டு நவாப் படையோடு மோதி விழுந்தது 1714இல். கேப் புழக்கத்துக்கு வந்தது 1820களில். நூறு வருடம் பிந்திப் பிறந்ததை அவர் எப்படிப் பிடித்திருப்பார்? அந்த நாளில் இங்கே திரி பற்றவைத்துச் சுடுவதுதான் வழக்கம். தேசிங்கு ஏறிய குதிரை பாராசாரி. நீங்கள் இழுக்கிற குதிரை கும்பினிக் காலத்துக்கும் பிந்தியதாக இருக்கலாம். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பொண்ணு கொடுத்தவராக இருந்தால் சொல்லவே சொல்லாதீர்கள்.

கே: 2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு வெளிநாட்டார் நிறைய வருகிறார்கள். ஒருவருக்குத் துப்பாக்கியை விற்றுவிட்டால்? (வாசகர், செஞ்சி)

ப: நூறு வயது தாண்டிய பொருள் 1972ஆம் வருடச் சட்டப்படி கடல் தாண்டக் கூடாது. அவருக்கு இளநீர் விற்றுப் பாருங்கள்.

கே: ஆயுத பூஜைக்கு ஒரே ஒரு தடவை சும்மா வெடிக்கலாமா? (வாசகர், அவலூர்ப்பேட்டை)

ப: உள்ளே துரு அரித்த குழல் எந்தப் பக்கம் வெடிக்கும் என்பது அதற்கே தெரியாது. குடகில் கயில்பொழுது பண்டிகையன்று துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள், குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு. நமக்குப் பூவுக்கு மட்டும்தான் விலக்கு.