காய்க்காத செடிகளிடம் சதுர்வித உபாயப் பிரயோகம்: ஒரு விசாரம்

ராஜநீதி நூல்களில் பகைவரை வசப்படுத்துதற்கென்று சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்கள் சொல்லப்பட்டிருப்பது கற்றோர் அறிந்ததே. ஆயினும், ஆண்டுக்கணக்கில் நீர் குடித்தும் ஒரு பிஞ்சு விடாத கொல்லைப்புறத்து மாதுளையைவிட உறுதியான பகைவன் ஒரு கிருகஸ்தனுக்கு வாய்ப்பது அரிது என்பதையும், அந்நான்கு உபாயங்களையும் நம் வீட்டுப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் பிரயோகித்து வருகிறார்கள் என்பதையும் பண்டிதர்கள் இதுகாறும் கவனியாது விட்டது வியப்புக்குரியது.

சாமத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. “ராஜாத்தி, இந்தத் தையிலாவது ரெண்டு காய் காட்டடி” என்ற இன்மொழியால் சொல்பவருக்கு மனச்சாந்தி உண்டாகிறது; செடிக்கு உண்டாகும் நன்மை கூடவே ஊற்றப்படும் தண்ணீரால் மட்டுமே. பேதம் இன்னும் பலவீனமானது. அடுத்த வீட்டுக் கொய்யாவின் காய்ப்பை நம் கொய்யாவின் காதுபடப் புகழ்ந்ததன் ஒரே பயன், மதிலுக்கு அப்பாலிருந்து அதைக் கேட்ட அவ்வீட்டம்மாள் ஒரு கூடைப் பழம் அனுப்பியதுதான். ஆகவே அது செடியினிடம் தோற்று, அண்டை வீட்டாரிடம் சாமமாகப் பலித்தது என்று கொள்வதே தருக்கத்துக்குப் பொருந்தும்.

தானத்தின் நிலை வேறு. அரிசி களைந்த நீரும், மீன் அலசிய நீரும், மக்கிய சாணமும் பெறுகிற செடி நன்றியுடையதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்நன்றியை அது இலையாகக் காட்டுமேயன்றிப் பூவாகக் காட்டுவதில்லை. அபாத்திர தானத்துக்கு உதாரணம் வேண்டுவோர் காகிதப்பூக் கொடியைப் பார்க்கலாம். பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரோடு உலகைச் சுற்றப் புறப்பட்ட கொம்மெர்சன் என்னும் தாவர நூலார் 1767-இல் பிரேஸிலில் இதனைக் கண்டு, தம் தலைவர் பெயரையே சூட்டினார். அன்றுதொட்டுப் பெரிய மனிதர் சகவாசம் உடையதாயினும், வேளாவேளைக்கு நீரும் எருவும் கிடைத்தால் இது முள்ளும் தழையுமாய்க் கூரையேறி நிற்கும்; எவரும் ஏறெடுத்துப் பாராத சுவரோரத்தில் மண் வெடிக்கக் காய்ந்தாலோ, கொடி தெரியாமல் சிவந்துவிடும். அதிலும் நாம் பூவென்று மயங்குவது வெறும் வண்ணச் சிற்றிலைகளே. மெய்ப்பூ அவற்றின் நடுவே வெள்ளையாய்ச் சிறுத்து ஒடுங்கியிருக்கிறது.

ஆக, சித்தாந்தம் தண்டத்திலேயே வந்து நிற்கிறது. கார்த்திகையில் மல்லிகைப் புதரை முழங்கால் உயரத்துக்கு இரக்கமின்றி வெட்டிவிட்டவர் பங்குனியிலிருந்து உழக்கு உழக்காகப் பூப்பறிக்க, ‘ஐயோ பாவம்’ என்று கத்தரியை உள்ளே வைத்தவர் இலையை எண்ணிக்கொண்டிருப்பது தெருவுக்குத் தெரு பிரத்தியட்சம். எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் விதிக்கப்படும் தண்டனை உபவாசம். மேற்கு இந்தியாவின் தோட்டக்காரர் இதனை பஹார் என்பர்: ஒன்றிரண்டு மாதம் நீரை நிறுத்தி, இலை பழுத்து உதிரும் தறுவாயில் அடிமண்ணைக் கொத்தி, எருவிட்டு, முதலில் சிறுகவும் பின்பு பெருகவும் நீர் பாய்ச்ச, சாவை நினைத்து அஞ்சிய செடி சந்ததியை நினைத்துப் பூத்துத் தள்ளுகிறது. (தொட்டிச் செடிக்கு இதுவே மரண தண்டனையாகிவிடும் என்பதை நீதிபதிகள் நினைவிற் கொள்க.)

பூத்ததெல்லாம் காயாவதில்லை. மாதுளையில் அடிபருத்த பூக்களே காய் பிடிக்கும். அடி குறுகியவை உதிர்ந்தே தீரும். அதற்காகக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவது வீண் செலவு. காய் திரண்டபின் வரும் அபாயம் எஜமானரின் மனமாற்றம். பல நாள் காயப்போட்ட பச்சாத்தாபத்தால் ஒரே மாலையில் நாலு குடம் கொட்டுவாராயின், உள்ளே முத்துக்கள் திடுமெனப் பருத்து, விறைத்துப்போன தோல் ஈடுகொடாமல், பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தில் முதல் உரிமை எறும்புக்கு. வெடியாத பழத்தில் அணிலுக்கு. பழைய வேட்டித்துணியால் பிஞ்சிலேயே முடிந்து வைத்தால், அதன்மேல் முட்டையிட வரும் பட்டாம்பூச்சி ஏமாந்து போகும். அணிலோ பழத்தைத் தின்றதோடு நில்லாமல், துணியையும் கிழித்துக் கூட்டுக்கு மெத்தையாகக் கொண்டுபோகிறது.

இனிப் பாட்டிமாரின் கோடரி மரபு. ஒருவர் கோடரியை ஓங்கி, “காய்க்காத மரம் எனக்கெதுக்கு?” என்று சீற, மற்றொருவர் குறுக்கே பாய்ந்து, “இந்த வருஷம் பொறுத்துக்குங்க, அடுத்த வருஷம் காய்ச்சுடும்” என்று பிணை நிற்பதே இதன் விதி. இதை மூடப்பழக்கமென்று தள்ளுவோர், பட்டையில் விழும் காயத்தால், இலை சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்காமல் கிளையிலேயே தங்கிப் பூப்பைத் தூண்டுவதுண்டு என்பதை, பட்டையை வளையமாகச் சீவும் தோட்டக்காரரிடம் கேட்டறியலாம். கோடரி படாமல், மிரட்டல் மட்டுமே போதுமா என்பதில் ஆசிரியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. போதும் என்பது என் பெரியபாட்டியின் கட்சி. ஆனால் ஓங்குவது மெய்யான கோடரியாக இருக்கவேண்டும், ஓங்குபவர் அன்றாடம் அம்மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவராக இருத்தல் கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். கோடரி அகப்படாத அவசரத்தில் என் சித்தி அரிவாள்மனையைத் தூக்கிக் காட்டிய நாரத்தை அவ்வாண்டும் காய்க்காமற் போனதை அவர் இதற்கு நிரூபணமாகக் காட்டுவார்.